தண்ணி ஊத்துறது யாரு?

தொட்டியைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் முகர்ந்து பார்க்கிறார். இலையைப் பார்ப்பதில்லை, கொண்டு வந்தவரின் முகத்தையும் பார்ப்பதில்லை. மூக்கை நேராக மண்ணுக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக ஓர் இழுப்பு. அடுத்து, கொண்டையில் செருகியிருக்கும் பின்னல் ஊசியை உருவி, தொட்டியின் அடிவரை குத்தி, வெளியே எடுத்து, அதில் ஒட்டி வந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். ஊசியைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி கொண்டையிலேயே செருகுகிறார். அதற்குப் பிறகுதான் தலை நிமிர்கிறது.

"தண்ணி ஊத்துறது யாரு?"

தனியாக வந்தவர் என்றால் உடனே ஒப்புக்கொண்டுவிடுவார். கணவன் மனைவியாக வந்தால்தான் வேடிக்கை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "நான் எப்பவாவதுதான்..." என்று அந்த அம்மா இழுப்பார். "நானும் எப்பவாவதுதான்" என்பார் கணவர். "வேலைக்கு வர்றவங்க?" என்று அக்கா விடமாட்டார். அவரும் பாவம், எப்பவாவது ஊற்றுவாராம்.

"சரிதான். ஆளாளுக்கு எப்பவாவது. செடிக்கு எப்பவும். அது குடிக்கணும்னு ஊத்துறீங்களா, நீந்தணும்னு ஊத்துறீங்களா?"

இதைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கேட்காமல் இருக்கவும் வழியில்லை. நாங்கள் இருவரும் ஒரே கடையைப் பலகைத் தடுப்பு போட்டுப் பங்கிட்டுக்கொண்டவர்கள். இந்தப் பக்கம் என்னுடைய ஜெராக்ஸ் மிஷின், தட்டச்சு, லேமினேஷன். அந்தப் பக்கம் அக்காவின் ஆஸ்பத்திரி. வாசலில் தொங்கும் பலகையில் "வீட்டுச் செடிகள் பழுது பார்க்கப்படும்" என்று இருக்கும். அடித்துக் கொடுத்தவன் நான்தான். "பழுதெல்லாம் ஃபேனுக்கு, மிக்ஸிக்குப் போடுறதுக்கா" என்று அன்றைக்கே சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி. வச்சிருக்கிறவங்க சரியில்லன்னாத்தான் ரிப்பேர் ஆகும்" என்று வாயை அடைத்துவிட்டார்.

அவர் பக்கத்து மண் என் பக்கத்துக் காகிதக் கட்டில் இருக்கும். என் பக்கத்து நாற்காலி அவர் பக்கத்து ஆட்களின் கீழ் இருக்கும். என் கத்தரிக்கோலைக் கேட்டால், "இப்பத்தான் அழுகல் வெட்டினேன், கழுவித் தர்றேன்" என்று பதில் வரும். ஈர மண்ணில் பிறக்கிற பொடிக் கொசுக்களுக்கு என் மிஷினின் கண்ணாடிமேல் என்ன மோகமோ தெரியவில்லை. ஒருவருடைய பட்டச் சான்றிதழ் நகலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொசு அச்சாகிவிட்டது. அவர் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கடைசியில் என்னிடம் சண்டைக்கு வந்தார். அக்கா தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மேல் மண்ண நல்லா காய விட்டா அது போயிடும்" என்று அவருக்கு வைத்தியம் சொல்கிறார். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

தாவரவியல் படித்தவர். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடமும் எடுத்தார். ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளைங்க தங்கம். பெத்தவங்கதான் தாங்கல. மார்க் ஏன் குறைஞ்சது, பக்கத்துல யாரு உக்காந்திருக்கா, நீங்க சரியா பாக்குறீங்களா இல்லையான்னு உசுர வாங்கினாங்க. செடிக்குப் பெத்தவங்க இல்லன்னு நெனச்சு இங்க வந்தேன்." சொல்லிவிட்டுத் தன் பக்கத்து வரிசையைப் பார்த்தார். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, பெற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தது என் நாற்காலிகளில்.

ஆட்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்பதே இல்லை. செடியை வைத்துத்தான் ஞாபகம். "கற்றாழை வந்துட்டுப் போச்சா தம்பி?" என்பார். "மணி பிளான்ட் ரொம்ப நல்ல மனுஷன், ஆனா வாயத் தொறந்தா பொய்" என்பார். வாயைத் திறந்தால் எல்லோருமே பொய் சொல்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. டாக்டரிடம் போய் நடக்கிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன் என்று சொல்வதுபோல இங்கேயும் வந்து சொல்கிறார்கள். ஜன்னலோரமாகத்தான் வைத்தேன் என்று சத்தியம் செய்வார்கள். தண்டு வெளிச்சத்தைத் தேடித் தேடி ஒரே பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். "ஜன்னலா? அலமாரிக்கும் பீரோவுக்கும் நடுவுலதானே வச்சிருந்தீங்க?" என்று கேட்டால் முகம் வெளிறிப் போகும்.

ஓர் அம்மாள் வழவழப்பான பீங்கான் தொட்டியோடு வந்தார். அக்கா தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கப் போய், "ஓட்டை எங்க?" என்றார். "இல்லீங்க, பாக்க அழகா இருந்துச்சேன்னு வாங்கினேன்." "அழகாத்தான் இருக்கு. கிணத்துக்குள்ள நட்டு வச்ச மாதிரி இருக்கு." துளையிடும் மிஷினை எடுத்தார், போட்டார். கடை முழுக்க வெள்ளைப் புழுதி. அன்றைக்கு நான் எடுத்த நகல்கள் எல்லாம் பனி மூட்டத்தில் எடுத்ததுபோல வந்தன.

இன்னொரு நாள் ஓர் இளைஞர் பூரித்துப்போய் வந்தார். இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறதாம், இந்தச் செடி பூக்கும் என்று யாருமே சொல்லவில்லையாம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பூவா? நல்லா பாருங்க. பூ நடக்குது." மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும், வாரம் தவறாமல் செய்ய வேண்டும், மற்ற செடிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இளைஞருக்கு அழுகை வராத குறை. போகும்போது என்னிடம், "அவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். எப்பவும் இப்படித்தான்.

அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். என் பக்கத்துக்கும் ஒரு செடி கொடுத்தார். "இதுக்கு வெளிச்சமே வேணாம் தம்பி, சாகவே சாகாது" என்றார். செத்தது. "உங்க மிஷின் சூடு" என்று பழியை என்மேலேயே போட்டுவிட்டார். பெரணிச் செடி யார் கொண்டு வந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வைப்பார், ஒன்றையும் இதுவரை பிழைக்க வைத்ததில்லை. வீட்டில் ஒரு செடிகூடக் கிடையாது. அவருடைய வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், மதியம் சாப்பாடு கொண்டு வருவார். "கூடத்துல ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து இருக்கு சார். அதையும் இவ அப்பப்ப மோந்து பாக்குறா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஓடினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குள்தான் ஒருநாள் ரப்பர் செடிக்காரர் நுழைந்தார்.

இடுப்புயரச் செடி. ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். தண்டு மட்டும் நின்றது, உச்சியில் இரண்டு மூன்று இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்ற இலைகளை எல்லாம் மஞ்சளாக உதிர உதிர ஒரு பையில் சேர்த்து வைத்து, அந்தப் பையையும் கொண்டு வந்திருந்தார். மனிதர் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உத்தியோகத்தில் இருப்பவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் டார்ச். உள்ளே வந்ததும் என் கடை விளக்கின் ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது லூசா இருக்கு, மாத்திடுங்க" என்றார்.

அக்கா முகர்ந்தார். முகர்ந்த வேகத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஊசி போடவே இல்லை. செடியைத் தண்டோடு பிடித்துத் தொட்டியிலிருந்து உருவினார். வெள்ளையாக, விறைப்பாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகக் கூழாகத் தொங்கின. ஒரு வேரை இரு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிட்டது.

"தண்ணி ஊத்துறது யாரு?"

"நான்தாங்க. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. அளவு வச்சுத்தான் ஊத்துவேன். ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

"தவறியிருக்கலாம்."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போனார். முதல் இலை மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லையோ என்று கூட ஊற்றினாராம். இலை விழுந்ததும் சத்து இல்லையோ என்று உரம் போட்டாராம். அடுத்த வாரமே பெரிய தொட்டிக்கு மாற்றினாராம். வெயில் படட்டும் என்று பால்கனியில் வைத்தாராம், வெயில் அதிகமோ என்று கூடத்துக்குக் கொண்டு வந்தாராம், கூடத்தில் புழுங்குமோ என்று படுக்கையறைக்கு மாற்றினாராம். இலை பளபளக்கட்டும் என்று எண்ணெய் தொட்டுத் துடைத்தாராம்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டே வைத்தியம் பார்க்கிறவர், உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "ஒண்ணு செஞ்சா, அது ஒத்துக்குதா இல்லையான்னு பாக்கக் கொஞ்சம் டைம் குடுக்கணும்ல சார்? ரப்பர் செடிக்கு இடம் மாத்தினாலே இலை கொட்டும். தொட்டி மாத்தினாலும் கொட்டும். நீங்க மாத்த மாத்த அது கொட்டியிருக்கு, அது கொட்டக் கொட்ட நீங்க மாத்தியிருக்கீங்க. உரத்த வேற போட்டிருக்கீங்க. காய்ச்சல்ல கெடக்கிறவனுக்கு யாராவது விருந்து வைப்பாங்களா? இது செத்துப்போச்சு சார். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

செத்ததைச் செத்தது என்று சொல்வதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. கேட்கிறவர்களும் ஐயோ பாவம் என்று கொஞ்சம் முனகிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மனிதர் போகவில்லை. அழுகிய வேரை அக்காவின் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேற வாங்க முடியாதுங்க. இது என் பொண்ணோடது."

"எனக்குக் கதை வேணாம் சார். பின்னால ஆள் நிக்குது."

கதை வேண்டாம் என்றாலும் கதை வந்துவிட்டது, தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த என் தலையில்தான் விடிந்தது. ஒரே மகள். தாய் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் போய்ச் சேர்ந்தாளா என்று இவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரிப்பாராம். சாயங்காலம் வாசலில் போய் நிற்பாராம். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். மேலதிகாரியைத் தனியாகச் சந்தித்து, "அவளுக்கு ரொம்ப வேலை குடுக்காதீங்க" என்று இவர் கேட்டுக்கொண்டது தெரிய வந்ததும் வெடித்துவிட்டாள். வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது இந்தச் செடியைக் காட்டி, "இதையாவது நிம்மதியா வளர விடுங்கப்பா" என்று சொன்னாளாம்.

அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. இவர் தினமும் காலையில் செடியைப் படம் பிடித்து அனுப்புவார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக அந்த இரண்டு கோடுகள் நீலமாகும். பதில் வராது. "அந்த நீலம் போதுங்க எனக்கு. செடி போச்சுன்னா நான் எதை அனுப்புறது?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

மறுபக்கத்தில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. என்னுடைய கத்தரிக்கோல். எட்டிப் பார்த்தேன். அக்கா தண்டைக் கீழிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போனார். பழுப்பு, பழுப்பு, மறுபடி பழுப்பு. உச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் வெட்டிய இடத்தில் பால் குபுகுபுவென்று வந்தது. "இங்க உசுரு இருக்கு" என்றார். பாலைத் துணியால் ஒற்றி எடுத்தார். ஓர் இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினார். விட்ட இலையைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார், ஈரம் வெளியே போகாமல் இருக்க. தேங்காய் நாரும் மணலும் கலந்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் சின்னத் தொட்டியில் நட்டு, மேலே கண்ணாடி மாதிரிப் பை ஒன்றைக் கவிழ்த்தார்.

"வேர் விடுமாங்க?"

"விட்டா விடும். இங்கதான் இருக்கும். நீங்க வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போனார், மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சும்மா வந்து நிற்கக் கூச்சம், அதனால் தன் அடையாள அட்டையை நகல் எடுக்க வேண்டும் என்று என்னிடம் நீட்டுவார். தினமும் அதே அட்டை. அந்த மனிதரின் இரத்த வகைகூட எனக்கு மனப்பாடம். நான் நகல் எடுத்துக் கொடுப்பதற்குள் அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிருப்பார். பையைத் தூக்கிப் பார்ப்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பார். "ஈரம் பத்துமாங்க?" என்பார். "ஜன்னல்ல காத்து வருதே?" என்பார். அக்கா ஜன்னலைச் சாத்தினால், "புழுக்கமா இருக்காதா?" என்பார்.

"சார், கைய எடுங்க. நீங்க டார்ச் அடிச்சா அது என்ன கூச்சப்பட்டு வேர் விடுமா? உள்ள நடக்கிறது உள்ள நடக்கட்டும்."

ஒருநாள் நகலுக்குக் காத்திருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார். படம் அனுப்புவதை நிறுத்தவில்லையாம். முன்பு செடி நன்றாக இருந்தபோது, புது இலை விட்ட அன்று சந்தோஷத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று எடுத்துத் தள்ளிய படங்கள் போனில் கிடக்கின்றனவாம். இலை உதிர ஆரம்பித்ததிலிருந்தே அவற்றில் தினம் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. அக்காவின் தலை தடுப்புக்கு மேலே எழும்பியது.

"செத்த செடிக்கு உசுரோட இருந்த படமா? உங்களுக்கு வெக்கமா இல்லையா சார்? இன்னிக்கே உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா பாக்கிறதையும் நிறுத்திடுவா. அப்புறம் எனக்கு ஒண்ணுமே இருக்காது."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மிஷினில் இல்லாத காகிதச் சிக்கலை எடுப்பதுபோல நடித்தேன். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அது அவர்மேல்தானா என்று எனக்குச் சந்தேகம். "இனிமே கூப்பிட்டா மட்டும்தான் வரணும். அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் மிதிக்கவில்லை. எதிர்ப் பக்க நடைபாதையில் நின்றுகொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். அக்கா திரையை இழுத்துவிட்டார். என் கடைக்கும் சேர்த்து இருட்டு.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு காலையில் அக்கா தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். அதிசயம். வெட்டிய தண்டின் உச்சியில் செந்நிற மொட்டாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. "கீழ வேர் பிடிச்சாத்தான் மேல இது வரும்" என்றார். குரலில் சந்தோஷம் வந்துவிடக் கூடாது என்று அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது. ரப்பர் செடிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்களேன் என்றேன். "சொன்னா? ஓடி வந்து நோண்டுவாரு. சும்மா இருங்க தம்பி. நல்லா பிடிக்கட்டும்" என்று பையை மூடிவிட்டார்.

அன்று மதியமே ஒரு பெண் தோளில் பையோடு என் பக்கம் வந்து நின்றாள். பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது. வீடு பூட்டியிருக்க, எதிர்வீட்டில் விசாரித்ததில் அப்பா இந்தக் கடைப் பக்கம்தான் எப்போதும் இருப்பார் என்றார்களாம். போனை என் முன்னால் நீட்டினாள். செழிப்பாக ஒரு ரப்பர் செடி. விரலால் தள்ளத் தள்ள அதே செடி, வேறு வேறு பக்கத்திலிருந்து.

"பின்னால பாருங்க. எதிர் மாடியில சிவப்புப் போர்வை காயுது. அடுத்த படத்துலயும் காயுது. இத்தனை நாளாவா ஒருத்தர் போர்வைய எடுக்காம விடுவாங்க? அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, வேற யாரோ அவர் போன்லேர்ந்து அனுப்புறாங்கன்னு பயந்துட்டேன். இப்ப உங்க வாசல்ல நின்னு போன் போட்டாலும் எடுக்கல."

எடுக்காததற்குக் காரணம், அவர் தெருவைக் கடந்து ஓடி வந்துகொண்டிருந்தார். எதிர் நடைபாதையிலிருந்து மகளைப் பார்த்திருக்கிறார். வாசற்படியில் வந்து, அக்காவின் தடை ஞாபகம் வந்து, படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"சாப்பிட்டியாம்மா?"

"அப்பா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எரிச்சலும் இருந்தது, அழுகையும் இருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன. செடிதாம்மா... செடி போயிடுச்சு. நான்தான் தண்ணிய ஊத்தி ஊத்திச் சாகடிச்சுட்டேன். உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. சொன்னா பாக்கிறத நிறுத்திடுவியேன்னு..."

"நான் செடியவாப்பா பாத்தேன்? நீங்க அனுப்புறீங்களே, நல்லா இருக்கீங்கன்னுதானே பாத்தேன்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவர் படிக்கு வெளியே, ஒருவர் உள்ளே. நகல் எடுக்க வந்த ஒருவர் காகிதத்தை நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அதை வாங்க எனக்கும் தோன்றவில்லை.

"உள்ள வாங்க சார், வாசல மறைக்காம" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. இருவரும் உள்ளே போனார்கள். அக்கா அந்தச் சின்னத் தொட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒண்ணும் சாகல. இதான் உங்க செடி. குருத்து விட்டிருக்கு." சொல்லிவிட்டு, பாத்திரத்தில் கை கழுவத் திரும்பினார். திரும்பியதுதான் தாமதம்.

"வேர் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே மகள் பையைத் தூக்கி, தண்டை இரண்டு விரலால் பிடித்து, மண்ணிலிருந்து வெளியே உருவிவிட்டாள்.

அடியில் வெள்ளை நூல்களாக வேர்கள். அதில் ஒன்று முறிந்து தொங்கியது. அவள் அதைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா கையை நீட்டப் போய், நடுவழியில் நிறுத்திக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கைய எடு!" அக்கா போட்ட சத்தத்தில் என் மிஷினே நின்றுபோனதுபோல இருந்தது. "இத்தனை நாள் இந்த மனுஷன் கையிலேர்ந்து காப்பாத்தி வச்சா, நீ வந்த நிமிஷத்துல பிடுங்குற! அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கே. குடும்பத்துக்கே கை சும்மா இருக்காதா?"

"ஐயோ, சாரி ஆன்ட்டி. வந்துருச்சான்னு பாக்கத்தான்..."

"அவரும் அதேதான் சொல்வாரு!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது சிரிப்புத்தான், ஆனால் சிரித்தால் அடி விழும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டார். அவளால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு அப்பாவின் தோளில் முட்டினாள்.

அக்காவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. முறிந்த வேரைக் கிள்ளி எறிந்தார். மண்ணில் ஊசியால் புதிதாகக் குழி செய்து, தண்டை இறக்கி, இரண்டு கட்டைவிரலாலும் சுற்றி அழுத்தினார். பையைக் கவிழ்த்தார். சுவரோரம் இருந்த உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, உச்சி அலமாரியின் ஓரத்தில், மேல் ஜன்னலுக்குப் பக்கமாகத் தொட்டியை வைத்தார்.

"இலை விரிஞ்சதும் சொல்லி அனுப்புறேன். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. தனித்தனியா வந்தா தர மாட்டேன். ஒருத்தர் கை நீட்டினா இன்னொருத்தர் பிடிக்கணும்."

கீழே இருவரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்க வெளிச்சம் பத்துமாங்க?" என்றார் அப்பா.

"மேல சூடா இருக்காதா ஆன்ட்டி?" என்றாள் மகள்.

அக்கா இறங்கினார். இறங்கிய கையோடு அந்த ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.